தலைக்கவசம் வந்த வரலாறு

1935 மே 13. இங்கிலாந்தின் டோர்செட்டில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களில் மோதாமலிருக்க முயன்ற ஒரு மோட்டார் சைக்கிள் கவிழ்ந்தது. தூக்கி வீசப்பட்டவர், 'அரேபியாவின் லோரன்ஸ்' என நாம் வரலாற்றில் படிக்கும் டீ.ஈ. லோரன்ஸ். தலைக்கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவு திரும்பாமலேயே இறந்தார்.

அவரைப் பார்த்த வைத்தியர்களுள் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயர்ன்ஸும் ஒருவர். அவர் விடயத்தை அத்தோடு விடவில்லை. இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் மட்டும் பிரித்தானியாவில் 2,279 பேர் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் இறந்திருந்தார்கள். காயங்களை ஆராய்ந்தார். உயிரைப் பறித்தது பெரும்பாலும் தலைக்காயம். தலைக்கவசம் அணிந்திருந்த சிலருக்கோ பாதிப்பு குறைவு. 1941 ஒக்டோபரில் இதை எழுதினார். நவம்பரில் இராணுவத் தூதோட்டிகளுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது. பொதுமக்களுக்கான சட்டம் 1973இல்தான் வந்தது. 1952இல் இறந்த கெயர்ன்ஸ் அதைக் காணவில்லை.

நம்மூரில் விபத்தில் ஒருவர் மௌத்தானால், "ஜனாஸாவை எப்போது தருவார்கள்?" என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் சட்ட வைத்திய அதிகாரி எழுதும் காயக் குறிப்பு வெறும் தாமதமல்ல. இறந்தவர்களின் காயங்களை ஒருவர் பொறுமையாகப் படித்ததால்தான் இன்று நம் கையில் ஹெல்மட் இருக்கிறது. அதை ஹேண்டிலில் கொழுவிக்கொண்டு போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைச் சொல்லுவோம்.