பங்கைக் கணக்கிடும் கருவியும் பங்கைக் கொடுக்கும் உள்ளமும்

கடைக் கணக்கு முதல் தொழுகை நேரம் வரை அனைத்தையும் இன்று நாம் கணினியிடமே கேட்டறிகிறோம். அண்மைக் காலமாக மார்க்க ஐயங்களையும் அதனிடமே கேட்கத் தொடங்கியுள்ளோம். ஆகவே, இக்கருவி உருவான வரலாற்றையும், அது மனித மனத்திற்கு ஈடாகுமா என்பதையும் சற்றே சிந்திப்பது நமக்கு அவசியமாகிறது.

இவ்வரலாற்றின் வேர்களுள் ஒன்று பக்தாதில் இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் அங்கு பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய அல்குவாரிஸ்மி, இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறையை விளக்கி ஒரு நூல் எழுதினார். அது லத்தீன் மொழிக்குச் சென்றபோது அவருடைய பெயரே திரிந்து 'அல்காரிதம்' என்ற சொல்லாயிற்று. ஒரு கணக்கைப் படிப்படியாகச் செய்து முடிக்கும் வழிமுறைக்கு அதுவே பெயர். கணினி செய்வதெல்லாம் இத்தகைய வழிமுறைகளைத்தாம். அவருடைய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளைப் பற்றியது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

படிப்படியான வழிமுறையை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வலுப்பெற்றது. சார்லஸ் பாபேஜ் 1837-இல், துளையிட்ட அட்டைகளால் இயங்கும் பகுப்பாய்வுப் பொறியைத் திட்டமிட்டார். அது முழுமை பெறவில்லை. 1843-இல் அப்பொறியைப் பற்றிக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ், நாம் கட்டளையிட அறிந்ததை மட்டுமே அது செய்யும், தானாக எதையும் தோற்றுவிக்காது என்று கருதினார்.

1946-இல் அமெரிக்காவில் மக்களுக்கு அறிமுகமான எனியாக், ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களுடன் ஒரு பெரிய அறையையே நிரப்பியது. 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பின் கருவிகள் சுருங்கின. 1971-இல் வெளிவந்த இன்டெல் 4004 என்னும் நுண்செயலியில், விரல் நகமளவு சில்லுக்குள் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் அடங்கின.

இதற்கிடையே 1950-இல் ஆலன் டூரிங், இயந்திரம் சிந்திக்குமா என்ற வினாவை எழுப்பினார். எழுத்து வழி உரையாடலில் மனிதனிடமிருந்து பிரித்தறிய முடியாதவாறு அது விடையளிக்குமா என்று சோதிக்கலாம் என்றார். 1966-இல் ஜோசப் வைசன்பாம், எலிசா என்னும் உரையாடும் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல் அது. அதை அவர் உருவாக்கியதை அருகிலிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனுடன் தனிமையில் பேச வேண்டுமென்று அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம்! இத்தகைய அனுபவங்களால் கலங்கிய வைசன்பாம், பரிவும் நீதியுணர்வும் தேவைப்படும் முடிவுகளை இயந்திரத்திடம் விடலாகாது என்று பிற்காலத்தில் எச்சரித்தார்.

இன்றைய உரையாடும் கணினிகள் எலிசாவை விடப் பன்மடங்கு ஆற்றல் மிக்கவை. எண்ணற்ற பக்கங்களைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துச் சரளமாக விடை தருகின்றன. சில வேளைகளில் அதே சரளத்துடன் பிழையும் சொல்கின்றன. அப்பிழையால் ஒருவருடைய அமல் பாழானால், மறுமையில் அக்கருவி கேள்வி கணக்கிற்கு நிற்கப் போவதில்லை.

அல்குவாரிஸ்மியின் பங்கீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தந்தை விட்டுச் சென்ற சொத்தில் சகோதரிக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்பதைக் கணினி நொடிப்பொழுதில் சொல்லிவிடும். ஆனால், அப்பங்கைக் கொடுக்கும் வேளையில் சகோதரனின் உள்ளத்தில் எழும் பேராசையும், அதை அடக்கும் இறையச்சமும் கணினிக்கு இல்லை. செயலுக்கு மதிப்பளிப்பது நிய்யத் என்பது நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம். கணக்குத் தெரியாமல் சகோதரிகளின் உரிமையைப் பறித்தவர்களை விட, தெரிந்தே பறித்தவர்கள்தாம் நம்மிடையே அதிகம் அல்லவா?

எனவே, கணக்கிடுவதற்குக் கணினியைத் தாராளமாகப் பயன்படுத்துவோம். மார்க்கத் தீர்ப்பிற்குத் தகுதி வாய்ந்த ஆலிம்களை நாடுவோம். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் பொறுப்பையோ எவரிடமும் ஒப்படைக்க இயலாது. அது நம் உள்ளத்திடம் விடப்பட்ட அமானிதம். அதை நிறைவேற்றும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.