சார்பு என்னும் கருத்து வளர்ந்த வரலாறு

(4, 2), (4, −2) என்னும் இரண்டு வரிசைச் சோடிகள் அடங்கிய கணம் ஒரு சார்பு ஆகுமா? ஆகாது. முதலுறுப்பாகிய 4 இரண்டு துணைகளைப் பெற்றுள்ளது. (1, 4), (2, 4) அடங்கிய கணமோ சார்பேயாகும். இரண்டாம் உறுப்பு மீண்டும் வரலாம். முதலுறுப்புக்கு ஒரு துணையே உண்டு.

இவ்விதி எளிது, ஆயினும் உருவாக நெடுங்காலம் சென்றது. சார்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணிதத்துள் புகுத்தியவர் லைப்னிட்ஸ். 1748-இல் ஆய்லர், சார்பு என்பது ஒரு கணிதக் கோவை என்றார். வர்க்கமூலம் போன்று பல மதிப்புகள் தருவனவற்றையும் அவர் சார்பென்றே கொண்டார். கோவை இன்றியமையாததன்று, ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரே மதிப்பு உரியதாயின் போதும் என்று 1837-இல் டிரிஷ்லே உரைத்தார். 1914-இல் ஹவுஸ்டார்ஃப் சார்பை வரிசைச் சோடிகளின் கணமாகவே வரையறுத்தார்.

"இரண்டு விடை இருந்தால் என்ன, ஐயா?" என்று என் மாணவர் கேட்பதுண்டு. அஃது அறியாமையன்று, ஆய்லரே அதற்கு இடந்தந்தார். கொடுத்த எண்ணுக்கு விடை ஐயமின்றி ஒன்றேயாக வேண்டுமென்றே பின்னோர் இவ்வரம்பை வகுத்தனர். விதியோடு அதன் வரலாற்றையும் கூறுவோமாயின், மாணவர் அதனை மனப்பாடம் செய்யார், உணர்ந்து கொள்வர்.