கட்டுவது அரசு, காப்பது யார்? தமிழக ஊர்ப்புறப் பொதுக் கழிப்பறைகளின் வரலாறு

முன்னுரை

ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களுள் ஒன்று சேவூர். கைத்தறி வீட்டுக்குள் நடக்கும் தொழில். குழித்தறி வீட்டின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது என்று பெண்களின் வேலையும் அதே கூரையின் கீழ்தான். இத்தகைய நெசவு ஊர்களில், வீட்டோடு கழிப்பறை கட்ட இடமில்லாத குடும்பத்துக்குப் பொதுக் கழிப்பறையே வழி. அது பூட்டிக் கிடந்தால் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். பொதுக் கழிப்பறை கட்டும் பொறுப்பு சட்டத்தில் எப்படி வளர்ந்தது, காக்கும் பொறுப்பு எப்படிப் பின்தங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. படைமுகாமும் திருவிழாவும்

சென்னை மாகாணத்தில் சுகாதார நிர்வாகம் ஊர்மக்களுக்காகத் தொடங்கவில்லை. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினரின் உடல்நிலை குறித்த அரச ஆணையம் 1863இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டே மாகாணச் சுகாதார ஆணையம் அமைந்தது. முதல் அக்கறை படைமுகாம்கள். அடுத்தது காலரா பரவக்கூடிய யாத்திரைத் தலங்கள்.

1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மாவட்ட வாரியம், தாலுகா வாரியம், யூனியன் என்ற மூன்று அடுக்குகளை உருவாக்கியது. தெருவையும் சாக்கடையையும் சுத்தம் செய்வது யூனியன்களின் வேலை. வருவாயோ பெரும்பாலும் வீட்டு வரி. வாரியங்களின் பணம் முதலில் சாலைக்குப் போனது.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இவ்வகையில் முன்னோடியாக மதிக்கப்படுவது. பொதுக் கழிப்பிடம் அமைப்பதை உள்ளாட்சிகளின் பொறுப்புகளில் அது சேர்த்தது. சந்தை, திருவிழாக்களுக்கென்று தனி இயலும் வகுத்தது. இதில் ஒரு சாய்வு தெரிகிறது. தீபத்துக்குத் திருவண்ணாமலையில் கூடும் கூட்டம் சில நாட்களில் கலைந்துவிடும். அதற்குத் தற்காலிக ஏற்பாடு போதும். ஆண்டு முழுதும் ஊரில் இருப்பவர்களின் அன்றாடத் தேவைக்கு அதே அவசரம் வாய்க்கவில்லை.

2. துப்புரவுக் கூலியும் சாதியும்

பழைய எடுப்புக் கக்கூசு, மனிதர் கையால் மலம் அள்ளுவதை நம்பியே இயங்கியது. அந்த வேலை குறிப்பிட்ட சில சாதிகளின் தலையில் கட்டப்பட்டது. ஆள் இருக்கிறார் என்ற நினைப்பில், பராமரிப்பு என்பது செலவாகவோ திறனாகவோ எண்ணப்படவே இல்லை.

தொழில்நுட்பம் இதை மாற்ற வழி தந்தது. பிந்தேசுவர் பாடக் 1970இல் தொடங்கிய சுலப் இயக்கம், இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரப்பியது. ஒரு குழி நிறைந்ததும் மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டால், முதல் குழியில் உள்ளது காலப்போக்கில் மக்கி உரமாகும். 1974இல் பாட்னாவில் கட்டணக் கழிப்பறையையும் சுலப் தொடங்கியது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பதை அது வெளிப்படையாகச் சொன்னது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சட்டங்கள் 1993இலும் 2013இலும் வந்தன. ஆயினும் பொதுக் கழிப்பறையைக் கழுவும் வேலை யாருடையது என்ற கேள்வியில் சாதியின் நிழல் இன்றும் விலகவில்லை.

3. ஊராட்சிக்கு ஒரு வளாகம்

அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தைத் தொடர்ந்து வந்த 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பொதுக் கழிப்பிடம் அமைப்பதையும் துப்புரவு செய்வதையும் கிராம ஊராட்சியின் கடமைகளில் வைத்தது. 2001க்குப் பின் தமிழக அரசு, அப்போதிருந்த 12,618 ஊராட்சிகளுக்கும் ஒருங்கிணைந்த மகளிர் சுகாதார வளாகங்களைக் கட்டியது. கழிப்பறையோடு குளியலறை, துவைக்கும் கல், தொட்டி, மோட்டார் எல்லாம் ஒரே இடத்தில் அமைந்தன. பெண்களின் தேவையை முன்வைத்த திட்டம் என்ற வகையில் இது பெரிய முயற்சி.

ஆனால் மோட்டார் பழுதானால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையேல் கழிப்பறை இல்லை. பல வளாகங்கள் பயனற்றுப்போயின. 2011–12இல் அரசே மாநிலம் முழுவதும் அவற்றைச் சீரமைக்க வேண்டியதாயிற்று. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழக ஊர்ப்புறத்தில் வீட்டு வளாகத்துக்குள் கழிப்பறை இருந்த குடும்பங்கள் 2001இல் சுமார் 14 விழுக்காடு, 2011இல் சுமார் 23 விழுக்காடு. இந்திய ஊர்ப்புறச் சராசரியோ 2011இல் சுமார் 31. ஆகவே தேவை குறைந்ததால் வளாகங்கள் மூடப்பட்டன என்று சொல்ல முடியாது.

4. சாவி யாரிடம்?

மாற்று அனுபவம் திருச்சியில் உண்டு. 1987இல் தொடங்கிய கிராமாலயா அமைப்பு, குடிசைப் பகுதிகளின் பொதுக் கழிப்பறைகளை மகளிர் குழுக்கள் நடத்த வழிசெய்தது. பயன்படுத்துவோர் சிறு கட்டணம் தருவார்கள். குழு கணக்கு வைக்கும். காவலுக்கும் துப்புரவுக்கும் அதிலிருந்தே கூலி. அவற்றுள் ஒன்றான கல்மந்தை 2002இல் திறந்தவெளி மலம் கழித்தல் அற்ற குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. முசிறியில் ஸ்கோப் அமைப்பு கட்டிய உலர் கழிப்பறையோ, கட்டணம் வாங்குவதற்கு மாறாக, பயன்படுத்துவோருக்கே சிறு தொகை கொடுத்தது. கழிவு வயலுக்கு உரமாகும் பொருளாக மதிக்கப்பட்டது.

இரண்டிலும் பணம் போகும் திசை எதிரெதிர். ஆனால் கணக்கும் சாவியும் பயன்படுத்துவோருக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. பழுது வந்தால் யாரைக் கேட்பது என்பது எல்லோருக்கும் தெரியும். கட்டணமுறைக்கும் ஓர் எல்லை உண்டு: ஒவ்வொரு முறையும் காசு என்றால், பிள்ளைகள் நிறைந்த ஏழை வீட்டுக்கு அது சுமை. குடும்பத்துக்கு மாதச் சந்தா என்பது அதைவிட நியாயமான ஏற்பாடு.

முடிவுரை

2014இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கம் வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை வைத்தது. 2020இல் வந்த அதன் இரண்டாம் கட்டம் சமுதாயச் சுகாதார வளாகம் ஒன்றுக்கு 3 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. அதில் 30 விழுக்காடு 15ஆவது நிதிக்குழு மானியத்திலிருந்து வர வேண்டும் என்றும் வகுத்தது. இதுவும் கட்டுமானத்துக்கான பணமே.

சேவூர் போன்ற நெசவு ஊர்களுக்கு இந்த வரலாறு தரும் பாடம் நடைமுறை சார்ந்தது. மின்கட்டணம், மோட்டார் பழுது, துப்புரவாளர் ஊதியம், நிறைந்த குழியைக் காலிசெய்யும் செலவு ஆகிய நான்கும் கிராமசபையில் தனித்தனி வரியாக வாசிக்கப்பட வேண்டும். துப்புரவாளருக்கு நிரந்தர ஊதியமும் கையுறையும் கருவியும் ஊராட்சி தர வேண்டும். வளாகத்தை நடத்தும் குழுவில் தறிவீட்டுப் பெண்கள் இடம்பெற வேண்டும். இந்த ஏற்பாடு எழுத்தில் வரும்வரை, அடுத்த கட்டடத்துக்கு நிதி கேட்பதில் பொருளில்லை.