மோரிஸ் எஞ்சின் போல்ட்டுகள்: பழைய காரில் அசல் போல்ட்டை அடையாளம் காணுதல்

பழைய கார்களை மீட்டெடுக்கும் பணியில் எஞ்சினின் அசல் போல்ட்டுகளை அடையாளம் காண்பது ஒரு முக்கியப் படியாகும். போல்ட்டின் விட்டம், மரையின் நெருக்கம், மரையின் கோணம், தலையின் அளவு, தலைமீதுள்ள குறிகள் ஆகிய ஐந்தையும் கொண்டு அது எந்த நாட்டு முறையில், ஏறத்தாழ எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று சொல்ல முடியும். இங்கிலாந்தின் மோரிஸ் நிறுவன எஞ்சின்கள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்த எஞ்சின்களின் மரை பிரெஞ்சு மெட்ரிக் முறையிலும், போல்ட் தலை ஆங்கில விட்வொர்த் அளவிலும் இருந்தன. இந்த விந்தை 1919 முதல் 1956 வரை நீடித்தது. அதன் வரலாறு தெரியாமல் கை வைத்தால், மாற்றுக் கிடைக்காத எஞ்சின் பாகமே பாழாகிவிடும்.

மரைக்கு ஒரு சட்டம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி மரை வெட்டியது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயிடம் வேலை பார்த்துப் பின் மான்செஸ்டரில் சொந்தத் தொழிற்கூடம் அமைத்த ஜோசப் விட்வொர்த் (1803–1887) இதற்குத் தீர்வு கண்டார். பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி அளந்து, அவற்றின் சராசரியை ஒட்டி ஒரு முறையை வகுத்து, 1841இல் கட்டடப் பொறியாளர் கழகத்தின் முன் வைத்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. மரையின் முகடும் பள்ளமும் வளைவாக இருக்கும். ஒவ்வொரு விட்டத்துக்கும் ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்பது வரையறுக்கப்பட்டது.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. 1864இல் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் கழகத்தில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட மரையை முன்மொழிந்தார். தட்டை முகட்டை வெட்டுவதும் சரிபார்ப்பதும் எளிது என்பது அவருடைய வாதம். ஐரோப்பிய நாடுகள் 1898இல் சூரிச் நகரில் கூடி, 60 பாகைக் கோணத்தில் மில்லிமீட்டர் அளவிலான மரை முறையை ஏற்றன. விட்வொர்த் மரை அதிர்வு மிகுந்த இடங்களுக்குச் சற்று அகலமாக இருந்ததால், அதே 55 பாகையில் நெருக்கமாக வெட்டிய பிரிட்டிஷ் நுண்மரை (பி.எஸ்.எப்.) 1908இல் வந்தது. மின்கருவிகள், கார்புரேட்டர் போன்றவற்றின் சிறு திருகாணிகளுக்கு பி.ஏ. எனப்படும் தனி முறை இருந்தது. அதன் கோணம் 47.5 பாகை.

கார்த் தொழில் பிறந்தபோது உலகில் ஒரே மரை முறை இல்லை. ஒரே காரில் மூன்று முறைகள் கலந்திருப்பதற்கும் அதுவே காரணம்.

கவென்ட்ரிக்கு வந்த பிரெஞ்சு எந்திரங்கள்

வில்லியம் மோரிஸ் (1877–1963) ஆக்ஸ்போர்டு அருகே கௌலியில் கார் செய்தவர். பின்னாளில் நபீல்டு பிரபு ஆனவர். தொடக்கத்தில் அவர் எஞ்சின்களை வெளியே வாங்கினார். 1913இல் வந்த முதல் மோரிஸ் ஆக்ஸ்போர்டின் எஞ்சின் கவென்ட்ரியின் ஒயிட் அண்ட் பாப்பி நிறுவனத்தினுடையது. 1915இல் வந்த மோரிஸ் கௌலிக்கு அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனத்திலிருந்து எஞ்சின் வந்தது. முதல் உலகப்போர் முடிந்தபின் அந்த எஞ்சின் கிடைக்காமல் போனது. அதே வடிவில் இங்கிலாந்திலேயே செய்து தருபவரை மோரிஸ் தேடினார்.

அப்போது கவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் தொழிற்சாலை வேலையின்றி இருந்தது. ஹாட்ச்கிஸ் பிரான்சில் இயங்கிய ஆயுத நிறுவனம். அதைத் தொடங்கிய பெஞ்சமின் ஹாட்ச்கிஸ் அமெரிக்கர். போரின்போது ஜெர்மானியப் படை பாரிசை நெருங்கும் என்ற அச்சத்தால் நிறுவனம் கவென்ட்ரியில் ஒரு கிளை அமைத்து இயந்திரத் துப்பாக்கிகள் செய்தது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலை இல்லை. ஆட்களும் எந்திரங்களும் இருந்தன. 1919இல் அவர்கள் மோரிசுக்காக 1,548 கன செ.மீ. எஞ்சினைச் செய்யத் தொடங்கினர்.

சிக்கல் இங்கேதான் பிறந்தது. தொழிற்சாலையின் மரை வெட்டும் டேப்புகள், டைகள், அளவிகள் எல்லாம் மெட்ரிக். அவற்றை மாற்றப் பெருஞ்செலவாகும். ஆனால் கார் வாங்கும் ஆங்கிலேயரின் பெட்டியிலும் ஊர்ப் பட்டறையிலும் இருந்தவை விட்வொர்த் ஸ்பேனர்கள். ஆகவே, மரையை மெட்ரிக்காகவே விட்டுவிட்டு, தலையை மட்டும் விட்வொர்த் ஸ்பேனருக்குப் பொருந்தும் அளவில் செய்தனர். வெளியே பார்ப்பவருக்கு அது ஆங்கில போல்ட். உள்ளே பிரெஞ்சு மரை.

தேவை கூடக்கூட ஹாட்ச்கிஸ் தரும் எஞ்சின்கள் மோரிசுக்குப் போதவில்லை. 1923இல் அவர் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிவிட்டார். பிராங்க் வுல்லார்டின் நிர்வாகத்தில் அங்கு உற்பத்தி பெருகியது. உற்பத்தி பெருகியபின் மரையை மாற்றுவது இன்னும் கடினமாயிற்று. தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. மோரிஸ் குடும்பத்தின் பிற கார்களுக்கும் அது பரவியது. 1939இல் எம்.ஜி. டிபி காரில் வந்த 1,250 கன செ.மீ. எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினும் இதே முறையில் செய்யப்பட்டது. போருக்குப் பின் வந்த டிசி (1945–49), டிடி, டிஎப் (1955 வரை) ஆகிய எம்.ஜி. கார்களுக்கும், 1956 வரை வந்த வுல்ஸ்லி 4/44 காருக்கும் அதே எஞ்சின் குடும்பம் உயிர் கொடுத்தது.

எட்டு மில்லிமீட்டர்க் குழப்பம்

இந்த எஞ்சின்களில் 8 மி.மீ. விட்டமும் 1.0 மி.மீ. புரியிடைத் தூரமும் கொண்ட போல்ட்டுகள் அதிகம். (பள்ளியில் திருகு அளவி பயன்படுத்தியவர்களுக்குப் புரியிடைத் தூரம் என்றால் தெரியும்: அடுத்தடுத்த இரு மரைகளுக்கு இடையேயுள்ள தொலைவு.) இதே பருமனில் வேறு நான்கு வகைகள் உள்ளன. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. ஆகும்.

மோரிஸ் மெட்ரிக், 8 மி.மீ.: புரியிடைத் தூரம் 1.00 மி.மீ., கோணம் 60 பாகை
இக்கால மெட்ரிக், 8 மி.மீ.: 1.25 மி.மீ., 60 பாகை
விட்வொர்த், 5/16 அங்குலம் (அங்குலத்துக்கு 18 மரை): 1.41 மி.மீ., 55 பாகை
பி.எஸ்.எப்., 5/16 அங்குலம் (22 மரை): 1.15 மி.மீ., 55 பாகை
யூ.என்.எப்., 5/16 அங்குலம் (24 மரை): 1.06 மி.மீ., 60 பாகை

இவற்றில் மிக ஆபத்தானது கடைசி வகை. மோரிஸ் மரைத் துளையில் யூ.என்.எப். போல்ட்டை விட்டால் முதல் சில சுற்றுகள் கையாலேயே ஏறும். ஒரு மரைக்கு வேறுபாடு ஏறத்தாழ 0.06 மி.மீ.தான். ஆனால் வேறுபாடு மரைக்கு மரை சேர்ந்துகொண்டே போகும். பத்தாவது மரையில் அது 0.58 மி.மீ. ஆகிவிடும், அதாவது அரை மரைக்கு மேல். அதற்கு முன்பே போல்ட் இறுகும். "உள்ளே துரு இருக்கும்" என்று நினைத்து ஸ்பேனரால் அழுத்தினால் துளையின் மரை சிதைந்துவிடும். போல்ட்டைப் புதிதாக வாங்கலாம். அந்தக் கால சிலிண்டர் பிளாக்கை அப்படி வாங்க முடியாது. கெட்ட மரையைப் பெரிதாக்கி வெட்டுவதோ, உள்ளே புதுச் சுருள் பதிப்பதோதான் வழி.

மோசமான நிலை, போல்ட் சிதையாமல் ஏறிவிடுவது. மரைகள் முழுதும் பற்றாமல் ஒன்றிரண்டு மட்டும் சுமையைத் தாங்கும். இறுக்கிவிட்டதாகக் கைக்குத் தோன்றும். டிசி காரின் எஞ்சின் நிமிடத்துக்கு 5,200 சுற்றில் தன் முழுத் திறனைத் தரும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் நிமிடத்துக்கு 10,400 முறை திசை மாறுகிறது. கனெக்டிங் ராட் போல்ட் ஒவ்வொரு சுற்றிலும் இழுபடுகிறது. அங்கே அரைகுறை மரைக்கு இடமில்லை.

ஒன்றுபட்ட மரை

இரண்டாம் உலகப்போர் இந்தப் பிரச்சினையை அரசுகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. ரோல்ஸ் ராய்சின் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் செய்த பேக்கார்டு நிறுவனம், அதற்காகவே ஆங்கில மரைகளை வெட்டும் கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போருக்குப் பின், 1948 நவம்பர் 18 அன்று, அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒன்றுபட்ட மரை முறையில் கையெழுத்திட்டன. அங்குல அளவு, 60 பாகைக் கோணம் என்பது முடிவு. அகல மரை யூ.என்.சி. என்றும் நுண்மரை யூ.என்.எப். என்றும் அழைக்கப்பட்டன.

பிரிட்டிஷ் கார்கள் 1950களில் படிப்படியாக இதற்கு மாறின. 1952இல் ஆஸ்டினும் நபீல்டும் இணைந்து பி.எம்.சி. ஆனபின் மோரிசின் பழைய எஞ்சின்களுக்குப் பதிலாக ஆஸ்டின் வழி வந்த எஞ்சின்கள் இடம்பிடித்தன. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. காரில் 1,489 கன செ.மீ. பி வரிசை எஞ்சின்; அதன் மரை ஒன்றுபட்ட முறை. இந்தியர்களுக்குப் பழக்கமான எஞ்சின் இது. அம்பாசடர் காரில் பல ஆண்டுகள் ஓடியதும் இதே பி வரிசை 1,489தான். மில்லிமீட்டர் ஸ்பேனர் பரவிய பின்னும் அம்பாசடர் மெக்கானிக்குகள் அங்குல ஸ்பேனர்களை வைத்திருந்ததன் காரணம் இதில் இருக்கிறது.

அடையாளம் காணும் முறை

1. இடத்தைப் பதிவுசெய்தல். போல்ட்டைக் கழற்றும் முன்பே எஞ்சினின் அந்தப் பக்கத்தை ஓர் அட்டையில் வரைந்து, போல்ட் உள்ள இடங்களில் துளையிட்டு, கழற்றியதை அதே துளையில் செருகி வைப்பது எளிய வழி. ஒரே வகையில் நீளம் மட்டும் வேறுபடும் போல்ட்டுகள் உண்டு. நீளமானது குட்டைத் துளைக்குப் போனால் அடியில் முட்டி நிற்கும், பாகம் இறுகாது.

2. மென்மையாகச் சுத்தம் செய்தல். மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் போதும். கம்பி பிரஷ் பொருத்திய எந்திரத்தில் பிடித்தால் தலைக் குறியும் பழைய முலாமும் போய்விடும், சாட்சி அழிந்துவிடும்.

3. விட்டம் அளத்தல். வெர்னியர் அளவியால் மரையின் மேல் விட்டத்தை அளக்க வேண்டும். 7.94க்கும் 8.00க்கும் உள்ள வேறுபாடு தேய்மானத்தில் மறைந்துவிடும். ஆகவே விட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

4. மரை நெருக்கம் பார்த்தல். பற்கள் கொண்ட மரை அளவித் தகடுகளில் ஒவ்வொன்றாக வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பல்லுக்கும் மரைக்கும் இடையே ஒளி தெரிந்தால் அது பொருந்தவில்லை. நீளமான மரையில் சோதித்தால்தான் 1.00க்கும் 1.06க்கும் வேறுபாடு தெரியும்.

5. கோணமும் முகடும். 5/16 அங்குலத்தில் விட்வொர்த்தும் யூ.என்.சி.யும் அங்குலத்துக்கு 18 மரை கொண்டவை. எண்ணிக்கையால் பிரிக்க முடியாது. கைக்கண்ணாடியில் முகடு வளைவாக, கோணம் 55 ஆக இருந்தால் விட்வொர்த். முகடு தட்டையாக, 60 ஆக இருந்தால் யூ.என்.சி.

6. தலையின் அளவு. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது போல்ட்டின் விட்டமே அன்றித் தலையின் அகலம் அன்று. கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. அதனால்தான் 13 மி.மீ. ஸ்பேனர் அதில் நுழையாது. மெட்ரிக் மரையும் விட்வொர்த் தலையும் சேர்ந்திருந்தால் அது மோரிஸ் எஞ்சின் போல்ட் என்பதற்கு வலுவான சான்று. மேலும், போர்க்காலத்தில் இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் போல்ட்டுகளின் தலை ஓர் அளவு சிறிதாக்கப்பட்டது. பெரிய தலை போருக்கு முந்திய வழக்கத்தைக் காட்டும்.

7. தலைக் குறிகள். 8.8, 10.9 போன்ற எண்கள் இக்கால மெட்ரிக் வலிமைத் தரம். 1947ஆம் ஆண்டு எஞ்சினில் இவை இருந்தால் பிற்காலத்தில் யாரோ மாற்றியவை. தலையில் மூன்று கோடுகள் அமெரிக்க 5ஆம் தரம், ஆறு கோடுகள் 8ஆம் தரம். தலையில் வட்டப் பள்ளமோ, பக்கத்தில் தொடுத்த வட்டங்களோ இருந்தால் ஒன்றுபட்ட மரை. பிரிட்டிஷ் போல்ட்டுகளில் ஆர், டி, வி போன்ற ஆங்கில எழுத்துகள் எஃகின் வலிமையைக் குறிக்கும். ஆர் என்பது சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 45 டன், டி என்பது 55 டன். நியூவால், ஜி.கே.என். போன்ற செய்தவர் பெயர்களும் காணப்படும்.

அசலா, பாதுகாப்பா?

அசல் என்று உறுதியான எல்லா போல்ட்டையும் திரும்பப் பூட்டலாமா? மூடி, டைமிங் கவர், எண்ணெய்த் தொட்டி போன்ற இடங்களில் பூட்டலாம். கனெக்டிங் ராட், பிளைவீல் போன்ற இடங்களில் கூடாது. பல பத்தாண்டுகள் இழுபட்ட எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். அங்கே அதே மரையில், தேவையான வலிமையில் செய்த புதிய போல்ட்டைப் பூட்டி, பழையதை இடக்குறிப்புடன் எடுத்து வைப்பதே முறை. உயர்வலிமை போல்ட்டுகளுக்கு மின்முலாம் பூசுவதிலும் கவனம் வேண்டும். அமிலத்திலிருந்தும் முலாமிலிருந்தும் எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன் அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கும். முலாம் பூசியவுடன் சூடேற்றி அதை வெளியேற்ற வேண்டும்.

பொருந்தாத போல்ட்டுக்காகத் துளையை வேறு மரைக்கு வெட்டுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் அதை எழுதி வைக்க வேண்டும். அடுத்து அந்த எஞ்சினைத் திறப்பவர், மோரிஸ் மரை என்று நம்பி வேறொன்றை உள்ளே முறுக்கக்கூடும்.

"மரை கழன்றவன்" என்று தமிழில் கேலி பேசுவதுண்டு. மோரிஸ் எஞ்சின்களின் மரையைப் பார்த்துப் பிற்கால மெக்கானிக்குகள் சிலரும் அப்படித்தான் திட்டியிருப்பார்கள். ஆனால் அதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. போரில் பாரிசிலிருந்து இடம்பெயர்ந்த எந்திரங்கள், புதிய கருவிகளுக்குப் பணம் செலவிட விரும்பாத முதலாளி, கையிலிருக்கும் ஸ்பேனரையே நம்பிய வாடிக்கையாளர் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய தீர்வு அது. அந்தத் தீர்வின் சான்று இன்றும் ஒவ்வொரு அசல் போல்ட்டிலும் இருக்கிறது. குப்பைத் தகரத்தில் எறியும் முன் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.