ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம்

தரையில் நிற்பவர் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரால் இயக்கப்படும், ஆள் ஏறாத சிறு விமானம். ஆர்.சி. விமானம் என்பது புழக்கத்திலுள்ள பெயர். உள்ளங்கையில் அடங்குபவை முதல் மூன்று மீட்டருக்கும் மேல் இறக்கை விரிந்தவை வரை இவ்வகையில் உண்டு. இன்றைய ட்ரோன்களில் பெரும்பாலானவை டிரான்ஸ்மிட்டரின் குச்சிகளிலிருந்து கையை எடுத்துவிட்டால் காற்றில் அப்படியே நிற்கும். உள்ளிருக்கும் கணினி அவற்றைப் பார்த்துக்கொள்கிறது. மாதிரி விமானம் நிற்காது. வேகம் குறைந்தால் இறக்கை தூக்குவிசையை இழக்கும், விமானம் விழும். அதனால் செய்தவரின் கைத்திறனும் ஓட்டுபவரின் கவனமும் இங்கே நேரடியாகச் சோதிக்கப்படுகின்றன. ஒரு பறப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடம் எப்படி அமையும் என்பது அதற்கு முந்தைய வாரங்களில் கட்டுமான மேசைமீது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

வரலாறு

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரைச் சேர்ந்த இரட்டையர் வால்டர் குட்டும் வில்லியம் குட்டும் 1937இல் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை ரேடியோ அலைகளால் இயக்கிப் பறக்கவிட்டனர். விமானம் வால்டருடைய வேலை; ரேடியோ வில்லியமுடையது. இறக்கையின் நீளம் எட்டு அடி. வெற்றிடக் குழாய் ரேடியோவும் மின்கலங்களும் அக்காலத்தில் அவ்வளவு கனம். அவற்றைச் சுமக்க அந்த அளவு இறக்கை தேவைப்பட்டது. 1960இல் கஃப் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே 1930களில் மாதிரி விமானக் கடை நடத்திய ஹாலிவுட் நடிகர் ரெஜினால்ட் டென்னி, பின்னர் தம் ரேடியோபிளேன் நிறுவனத்தின் மூலம் பீரங்கிப் பயிற்சிக்கான இலக்கு விமானங்களை ஆயிரக்கணக்கில் அமெரிக்கப் படைகளுக்குச் செய்து கொடுத்தார். ஆளில்லா விமானத் தொழிலின் வேர்களில் ஒன்று இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறது.

தொடக்கக் கருவிகளில் பாதித் திருப்பம் என்பதே கிடையாது. பொத்தானை அழுத்தினால் வாலிலுள்ள திருப்புப் பலகையான ரட்டர் முழுக்க ஒரு பக்கம் போகும், விட்டால் நடுவுக்கு வரும், மறுபடி அழுத்தினால் மறுபக்கம் போகும். குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவு மட்டும் அசையும் சர்வோ மோட்டார்கள் 1960களில் பரவின. இத்துறையின் மிகப் பெரிய மாற்றம் இதுதான். பின்னால் வந்தவை எல்லாம் இதன் செம்மைகளே. 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் புழங்கிய காலத்தில், ஒரே சேனலில் இருவர் சுவிட்சைப் போட்டால் வானில் இருக்கும் விமானம் கீழே வரும். எனவே சேனல் எண் எழுதிய கிளிப்பைப் பலகையிலிருந்து எடுத்தவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம் என்பது மைதானங்களின் கண்டிப்பான வழக்கமாக இருந்தது. 2005ஐ ஒட்டி வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் அந்தக் கவலையைப் பெரும்பாலும் நீக்கின.

கட்டுமானம்

மரபான பொருள் பால்சா மரம். பெரும்பாலும் எக்வடோரில் இருந்து வருகிறது. மிக லேசான மரம் என்றாலும் பலகைக்குப் பலகை அடர்த்தி வெகுவாக மாறுபடும். ஆகவே அனுபவசாலிகள் கடையில் பலகையைக் கண்ணால் மட்டும் பார்த்து எடுப்பதில்லை. எடை போட்டு, வளைத்துப் பார்த்து எடுக்கிறார்கள். இறக்கையின் நீளவாட்டில் ஓடும் ஸ்பாருக்குக் கெட்டியான பலகை, விலா எலும்பு போன்ற ரிப்களுக்கு லேசானது, வால் பகுதிக்கு இருப்பதிலேயே லேசானது. வாலுக்கு ஏன் அப்படி? விமானத்தின் மூக்கு எடைமையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, வால் தொலைவில் இருக்கிறது. வாலில் ஒரு கிராம் கூடினால், அதை ஈடுகட்ட மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். வாலில் தாராளமாகத் தடவிய பசை இப்படித்தான் மொத்த எடையைப் பெருக்கிவிடுகிறது.

வரைபடத்தைச் சமதளப் பலகைமீது விரித்து, மேலே மெல்லிய பாலிதீன் தாளைப் போட்டு, ஸ்பாரைக் குண்டூசிகளால் நிறுத்தி, அதன்மேல் ரிப்களை ஒவ்வொன்றாகச் செங்குத்தாக ஒட்டுவார்கள். பலகை கோணினால் இறக்கையும் கோணும். கோணிய இறக்கையை டிரான்ஸ்மிட்டரின் நுண்திருத்தமான டிரிம்மால் ஓரளவு சமாளிக்கலாம், திருத்த முடியாது. சட்டகம் முடிந்தபின் வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் படலத்தைச் சிறிய இஸ்திரிப்பெட்டியால் ஒட்டி இழுக்கிறார்கள். மேற்பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டுக் கீழ்ப்பக்கத்துக்கு வருவது தவறு. அந்த இழுவையிலேயே நேராக இருந்த இறக்கை முறுக்கிக்கொள்ளும். இருபுறமும் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்கி, பின்னாலிருந்து கண்ணை வைத்து ஓரம் நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பறக்கும் முன் பார்க்க வேண்டியவற்றில் தலையாயது எடைமையம். பொதுவாக அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே அமையும். அந்த இடத்தில் இரு இறக்கைகளின் அடியிலும் விரல்நுனியைக் கொடுத்துத் தூக்கினால், விமானம் மட்டமாகவோ மூக்கு லேசாகத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும், ஆனால் சொன்னபடி கேட்கும். வால் கனத்ததை அடக்குவது தேர்ந்த கைகளுக்கே கடினம். இதைச் சரிபார்க்காத முதல் பறப்பு பெரும்பாலும் கடைசிப் பறப்பாகிவிடும்.

ஃபோம், நெளிவுள்ள பிளாஸ்டிக் தாள் முதலியவற்றால் செய்தவை மலிவானவை, விழுந்தாலும் ஒட்டிவிடலாம். கற்றுக்கொள்பவருக்கு இவையே ஏற்றவை. ஆனாலும் பால்சாவில் ஒரு விமானமாவது சொந்தமாகக் கட்டியவருக்கே, உடைந்தால் எங்கே ஏன் உடைந்தது என்பது விளங்கும்.

விசையும் மின்கலமும்

மெத்தனாலும் எண்ணெயும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருளில் ஓடும் குளோ எஞ்சின் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. இப்போது பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. பொழுதுபோக்காளர்கள் ‘லைப்போ’ என்று சொல்லும் இந்தப் பேட்டரியில் ஒரு செல்லின் முழு அளவு 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் செல் பாழாகும். சில நாட்களுக்கு எடுத்துவைப்பதானால் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். 2200 மில்லியாம்பியர்-மணி பேட்டரியை வழக்கமாக 2.2 ஆம்பியரில் சார்ஜ் செய்வார்கள். உப்பிய பேட்டரியை இன்னும் ஒரு தடவை என்று பயன்படுத்தக் கூடாது, அது தீப்பற்றக்கூடும். சார்ஜ் ஏறும்போது அருகில் ஆள் இருப்பதும், எரியாத தளத்தில் வைப்பதும் கட்டாயம். மேசையில் மோட்டாரைச் சோதிக்கும்போது ப்ரொபெல்லரைக் கழற்றி வைத்துவிட வேண்டும். சிறிய ப்ரொபெல்லரும் விரலை வெட்டும்.

ஓட்டுதல்

விமானம் ஓட்டுபவரைவிட்டு விலகிப் போகும்போது இடம் இடமாகவே தெரியும். திரும்பி அவரை நோக்கி வரும்போது எல்லாம் மாறிவிடும். வலப்பக்கம் குச்சியைத் தள்ளினால் விமானம் அவர் கண்ணுக்கு இடப்பக்கம் சாயும். புதியவர்களின் விமானங்கள் விழுவதற்கு முக்கியக் காரணம் இதுவே. எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியை நகர்த்தினால் அது நிமிரும் என்பது பழகும்வரை கைகொடுக்கும் உபாயம். கணினி சிமுலேட்டரில் பழகுவதும், தேவைப்படும்போது ஆசிரியர் கட்டுப்பாட்டைத் தம் பக்கம் எடுத்துக்கொள்ளும்படி இரு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்துக் கற்பதும் பல விமானங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் காற்றை எதிர்த்தே.

ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் அசையும் பலகைகளின் ஹிஞ்ச்களை லேசாக இழுத்துப் பார்ப்பது, சர்வோ திருகுகளைப் பார்ப்பது, இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அய்லரான் சரியான திசையில் அசைகிறதா என்று பார்ப்பது, சமிக்ஞை அறுந்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்று சோதிப்பது ஆகியவை பராமரிப்பின் சாரம். விழுந்த விமானத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இறக்கையின் அடிப்பகுதியில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

கட்டுவதிலும் பராமரிப்பதிலும் காட்டும் பொறுமை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு அமெரிக்கரான மேனார்ட் ஹில் சான்று. அவருடைய குழு 2003 ஆகஸ்ட் 9 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஏவிய பால்சா விமானம், செயற்கைக்கோள் வழிகாட்டலில் அட்லாண்டிக்கைக் கடந்து அயர்லாந்தின் கிளிஃப்டன் அருகே இறங்கியது. பறந்த நேரம் சுமார் 38 மணி 52 நிமிடம். தொலைவு சுமார் 3,000 கிலோமீட்டர். எரிபொருளோடு எடை 5 கிலோவுக்கும் குறைவு. முந்தைய முயற்சிகளில் பல விமானங்கள் கடலில் போயின. அப்போது ஹில்லுக்குப் பார்வை ஏறக்குறைய இல்லை, தொட்டுணர்ந்தே கட்டினார்.

இந்தியாவில்

தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானப் பயிற்சி உண்டு. ஆர்.சி. விமானங்களில் ஈடுபாடுள்ள நடிகர் அஜித்குமார், 2018இல் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் ‘தக்‌ஷா’ குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் கட்டுப்படுத்துகின்றன. கல்வி, ஆய்வு, பொழுதுபோக்கு போன்றவற்றுக்காக, கண்ணெட்டும் தூரத்துக்குள் இயக்கப்படும் 25 கிலோ வரையிலானவை மாதிரி என்ற வகையில் சேரும். வான்வெளி வரைபடத்தில் பச்சை நிறத்தில் குறித்த பகுதியில் 400 அடி உயரம் வரை பறக்கவிடலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள இடங்களில் 200 அடிதான் வரம்பு. மைதானத்துக்குப் புறப்படும் முன் ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தின் வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.