களஞ்சியமும் நஞ்சும்: தானியப் பூச்சிகளின் எதிர்ப்பாற்றல் வரலாறு

யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே நீரேரிக் கரையில் அமைந்த கொழும்புத்துறை, பெயராலேயே தன் பழந்தொழிலை உணர்த்தும் ஊராகும். நீரேரிக்கு அப்பால் உள்ளது பூநகரி. அங்கு விளைந்த நெல் தோணிகளில் ஏறி இக்கரையை அடைந்த காலம் நெடியது. குடாநாட்டு மண் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் பனைக்கும் உகந்ததாயினும், அதன் மக்கள் அனைவருக்கும் வேண்டிய அரிசியை அது முழுமையாக அளித்ததில்லை. ஆகவே வன்னியிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் தானியம் வந்துகொண்டேயிருந்தது. வந்த தானியம் அன்றே உண்ணப்படுவதன்று; மாதக்கணக்கிற் காத்திருப்பது. அவ்வாறு காத்திருக்கும் தானியத்துக்கு மனிதனோடு உரிமை கொண்டாடும் உயிரினங்கள் சில உண்டு. அவற்றுக்கும் மனிதனுக்கும் நிகழும் போராட்டத்தில், மனிதன் ஏந்திய சிறந்த படைக்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மழுங்கிய வரலாறு ஆராயத்தக்கது.

அரிசியைத் துளைக்கும் கூன்வண்டு, மணியின் உள்ளீட்டைக் குடையும் துளைவண்டு, மாவிலும் நொய்யிலும் பெருகும் சிவப்பு மாவண்டு, நெல்லைக் கெடுக்கும் அந்துப்பூச்சி என்பன இவ்வினங்களுட் தலையாயவை. இவை பழங்காலந்தொட்டு மனிதனோடு வாழ்ந்துவருவன. எகிப்தியக் கல்லறைகளில் இறந்தோர்க்கென வைக்கப்பட்ட உணவிலும் இத்தகைய பூச்சிகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. நம் முன்னோர் இவற்றை எதிர்த்த முறை எளிது. நெல்லை வெயிலில் நன்கு காயவிட்டனர்; வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டனர்; சேமிக்கும் கலத்தின் வாயைச் சாணமும் மண்ணும் கொண்டு மெழுகி மூடினர். ஈரம் குறைந்த மணியிற் பூச்சி எளிதிற் பெருகாது. காற்றுப் புகாத கலத்தில் அது தன் மூச்சாலேயே ஒட்சிசனைக் குறைத்து மடியும். காரணங்களைப் பெயரிட்டுக் கூறாவிடினும், அவற்றின் பயனை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தனர்.

1942 ஆம் ஆண்டில் யப்பானியர் பருமாவைக் கைப்பற்றியதும், இலங்கைக்கு அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை நாடெங்கும் நிலைபெற்றது. 1952 இல் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர் அரிசி உடன்படிக்கை, பெருந்தொகையான அரிசியை ஆண்டுதோறும் கொணர்ந்தது. வீட்டு மூலையில் இருந்த சேமிப்பு, அரசாங்கக் களஞ்சியத்துக்கு மாறியது. கொழும்புத்துறைக்குக் கிழக்கே நாவற்குழியில் எழுந்த உணவுக் களஞ்சியம் இம்மாற்றத்தின் வடபுலச் சின்னமாகும். ஆயிரக்கணக்கான சாக்குகள் ஒரே கூரையின்கீழ் அடுக்கப்பட்ட இடத்தில் வேப்பிலை போதாது. பூச்சிக்கோ அஃது எல்லையற்ற விருந்து. வெப்பமான சூழலில் சிவப்பு மாவண்டு ஒரு மாத அளவில் முட்டையிலிருந்து முழுவளர்ச்சி எய்தும். ஒரு பெண்வண்டு நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும்.

அக்காலத்திலேயே இரசாயன நஞ்சுகள் புகழின் உச்சியில் இருந்தன. டி. டி. ரி. யின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939 இற் கண்டறிந்த போல் மியுல்லர், 1948 இல் நோபல் பரிசு பெற்றார். 1950 அளவில் வெளிவந்த மலத்தியன், மனிதனுக்குக் கேடு குறைந்ததெனக் கருதப்பட்டுத் தானியத்தோடு நேரே கலக்கப்பட்டது. அலுமினியம் பொசுபைட்டு வில்லைகள் மற்றொரு வகையின. 3 கிராம் நிறையுள்ள ஒரு வில்லை, காற்றின் ஈரத்தோடு கூடி 1 கிராம் பொசுபீன் வாயுவை வெளிவிடும். அவ்வாயு சாக்குகளினூடே ஊடுருவி மணிக்குள் மறைந்திருக்கும் புழுவையும் கொல்லும். பின்னர் காற்றோட்டத்தால் அகன்றுவிடும். விலை குறைந்ததும் கையாள எளியதுமான இம்முறை விரைவிற் பரவியதில் வியப்பில்லை.

எனினும் எச்சரிக்கை முன்னரே ஒலித்திருந்தது. அமெரிக்காவின் உவாசிங்டன் மாநிலத்துப் பழத்தோட்டங்களிற் கந்தகச் சுண்ணாம்புக் கரைசலுக்குச் செதிற்பூச்சிகள் சில மடியாமையைக் கண்ட மெலாண்டர் என்னும் அறிஞர், பூச்சிகள் நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் பெறுமா என்னும் வினாவை 1914 இலேயே எழுப்பினார். டி. டி. ரி. பரவிய சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவில் வீட்டு ஈக்கள் அதனைத் தாங்கின. இலங்கையர் இப்பாடத்தை நுளம்பிடமிருந்து கற்றனர். 1963 இல் 17 ஆகக் குறைந்திருந்த மலேரியா நோயாளர் தொகை, 1969 இல் 5 இலட்சத்தைக் கடந்தது. தெளித்தலை நிறுத்தியதும் கண்காணிப்புத் தளர்ந்ததும் மழை பொய்த்ததும் இதற்குக் காரணங்களாயின. ஆயின் மீண்டும் நஞ்சை எடுத்தபொழுது, நுளம்பு டி. டி. ரி. யைத் தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தமை வெளிப்பட்டது. 1970 களின் நடுப்பகுதியில் மலத்தியன் அதனிடத்தைப் பெற்றது. பல்லாண்டு முயற்சியின் பின்னரே, 2016 ஆம் ஆண்டில், இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

களஞ்சியத்திலும் இதுவே நிகழ்ந்தது. நைசீரியாவின் நிலக்கடலைச் சேமிப்பிலிருந்து பெற்ற சிவப்பு மாவண்டுகள் மலத்தியனைத் தாங்குவன என்பது 1960 களின் தொடக்கத்தில் அறியப்பட்டது. நஞ்சுக்குப் பூச்சி பழகிவிட்டது என உலக வழக்கிற் கூறுவர். அது பிழை. ஒரு தனி வண்டு தன் வாழ்நாளிற் பழகிக்கொள்வதால் இவ்வாற்றல் உண்டாவதில்லை. மலத்தியனைச் சிதைக்கும் நொதியத்தை மிகுதியாக உடைய வண்டுகள் சில கூட்டத்தில் முன்னரே உள்ளன. நஞ்சு ஏனையவற்றைக் கொல்ல, இவை எஞ்சித் தம்மையொத்த சந்ததியைப் பெருக்குகின்றன. நஞ்சு எதிர்ப்பாற்றலைப் படைப்பதில்லை, அதனைத் தெரிந்தெடுக்கின்றது. இயற்கைத் தேர்வு என்று தாவின் கூறியது, மனிதன் கைப்பட்டு விரைந்து நிகழ்வதே இது.

உலக உணவு விவசாயத் தாபனம் 1972, 1973 ஆம் ஆண்டுகளில் 80 க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து பூச்சிகளைத் திரட்டி ஆராய்ந்தது. 1976 இல் வெளிவந்த அறிக்கை, சிவப்பு மாவண்டுக் கூட்டங்களுட் பெரும்பாலானவை மலத்தியனை எதிர்ப்பன எனக் காட்டியது. பொசுபீனை எதிர்க்கும் பூச்சிகளோ ஆராய்ந்த கூட்டங்களிற் பத்தில் ஒரு பங்களவிற் காணப்பட்டன. அப்பத்தில் ஒன்றே பின்வந்த இடரின் வித்தாயிற்று. 1980 களின் தொடக்கத்தில் வங்காளதேசத்து உணவுக் களஞ்சியங்களிற் பொசுபீன் தோற்றதை ஆராய்ந்தோர், அதன் காரணத்தையும் கண்டனர். கூடாரத் துணி கிழிந்திருந்தது, ஓரங்கள் நன்கு அழுத்தப்படவில்லை, வாயு கசிந்தது. பொசுபீன் நொடியிற் கொல்லும் நஞ்சன்று. போதிய செறிவில், ஐந்து முதல் ஏழு நாள் வரையேனும் அது நின்றாலன்றி, முட்டையும் கூட்டுப்புழுவும் மடிவதில்லை. கசிவின் விளைவாக வலிமை குன்றியவை இறந்தன, வலியவை எஞ்சின. அடுத்த முறை வில்லைகளைக் கூட்டியும் கசிவு அடைபடவில்லை.

இவ்வெதிர்ப்பாற்றலின் அகத்தை அறிவியல் பின்னர் திறந்து காட்டியது. பொசுபீனுக்குரிய வன்மையான எதிர்ப்பு, இரு பரம்பரையலகுகள் ஒருங்கு கூடுவதால் விளைகின்றது. அவற்றுள் ஒன்று, கலத்தின் சத்தி ஆக்கத்தில் ஈடுபடும் ஒரு நொதியத்துக்கு உரியதென 2012 ஆம் ஆண்டில் அவுத்திரேலிய ஆய்வாளர் கண்டறிந்தனர். இப்பண்பு பெரிதும் பின்னிடைவானது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றாலன்றி அது முழுமையாக வெளிப்படாது. ஆதலால் ஒரு களஞ்சியத்துப் பூச்சிகளில் அது நெடுங்காலம் மறைந்து பரவக்கூடும். நஞ்சு தோற்றபின் எதிர்ப்பைத் தேடுதல் காலம் கடந்த செயலாகும்.

மாற்றுநஞ்சு தேடலாமே எனின், அவ்வழியும் குறுகிவிட்டது. பொசுபீனுக்கு இணையாக விளங்கிய மெதயில் புரோமைட்டு, ஓசோன் படையைச் சிதைப்பதென மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் விலக்கப்பட்டது. 2005 இல் வளர்ந்த நாடுகளும் 2015 இல் வளர்முக நாடுகளும், தொற்றுக்காப்பு முதலிய சில தேவைகள் ஒழிய, அதனைக் கைவிட்டன. இதனால் உலகின் தானியக் காப்பிற் பொசுபீன் பெரும் சுமையைத் தாங்குகின்றது. அது மழுங்கின் இழப்பு வணிகருக்கு மட்டுமன்று; அரிசியை வெளியிலிருந்து பெறும் ஒவ்வோர் ஊருக்குமாம்.

இதனைக் காக்கும் வழியையும் வரலாறே காட்டுகின்றது. மேல் அவுத்திரேலியா, வாயு கசியாவண்ணம் அடைத்த களஞ்சியங்களை 1980 கள் முதற் பெரிதும் கைக்கொண்டது. அங்கு வன்மையான எதிர்ப்பு நெடுங்காலம் தலைதூக்காமைக்கு அம்முறை துணைநின்றது. பொசுபீனைப் பயனுள்ளதாக்கியது வில்லையின் தொகையன்று. வாயு தங்கிய நாட்களே. தானியத்தை உலர்த்துதல், பழைய சாக்கையும் சிந்திய மணியையும் அகற்றுதல், கலத்தை இறுக மூடுதல், நஞ்சிட வேண்டின் முழு அளவிற் குறித்த நாள்வரை நிறுத்துதல் என்னும் இவையே இன்றைய அறிவியல் விதிக்கும் நெறி. இவற்றுள் முதல் மூன்றும் தோணியில் வந்த நெல்லைக் கலத்திலிட்டு வாய் மெழுகிய மூதாட்டிக்குத் தெரிந்தவையே. நான்காவதை மட்டுமே இருபதாம் நூற்றாண்டு புதிதாகச் சேர்த்தது. முதல் மூன்றையும் மறந்து அதனையே நம்பிய களஞ்சியங்களில், எஞ்சி நின்றவை நஞ்சை வென்ற பூச்சிகளே.