கல்லணையும் மணலும்

தஞ்சைச் சீமையின் சோறு காவிரித் தாய் போட்டது என்று சொல்வது வழக்கம். சொல்வதில் தவறில்லை. ஆனால் அவளைத் தன் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் நதி இரண்டாகிறது. வடக்கே பிரியும் கொள்ளிடத்துக்குப் படுகை தாழ்வு. கடலுக்கு வழியும் கிட்டம். தண்ணீருக்கு வேறு என்ன வேண்டும்? ஸ்ரீரங்கம் தீவைச் சுற்றி வந்த இரு கிளைகளும் கீழ்க்கோடியில் மறுபடி நெருங்குகின்றன. தெற்கே மிஞ்சிய நீரும் அங்கே உள்ளாற்றின் வழியாகக் கொள்ளிடத்தில் விழுந்துவிடப் பார்க்கும். அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு கிடப்பதுதான் கல்லணை.

கரிகாலன் கட்டினான் என்பது வழிவழிச் செய்தி. கட்டியவன் பெயரைவிட, கட்டிய விதம்தான் பெரிய விஷயம். 1,080 அடி நீளத்துக்குக் கல்லும் களிமண்ணும் பாம்புபோல வளைந்து கிடக்கின்றன. அடியில் பாறை கிடையாது, வெறும் மணல். கல்லைப் போட்டால் மணல் விழுங்கும்; அதன்மேல் மறுபடி கல்லைப் போட்டு, இனி இறங்காது என்ற நிலை வரும்வரை விடாமல் போட்டிருக்க வேண்டும் என்பது ஆர்தர் காட்டன் கண்ட முடிவு.

1804-ல் கால்டுவெல் என்ற ராணுவ என்ஜினீயர் அணையை 27 அங்குலம் உயர்த்தினார். அது போதவில்லை. காவிரித் தலைப்பு தூர்ந்துகொண்டே வந்தது. காட்டன் நோயின் மூலத்துக்கே போனார். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் மேலணை எழுந்தது. மணலில் அஸ்திவாரம் நிறுத்தும் தைரியத்தைப் பழைய தமிழ்நாட்டாரிடமிருந்தே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் பிற்பாடு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையையும் கட்டினார்.

ஆனால் மணல் லேசில் விடுகிற ஆசாமி அல்ல. நீர் திரும்பியதும் கொள்ளிடம் மேடிட்டது. காவிரியின் படுகை அரித்துப் பள்ளமாயிற்று. வறட்சிக்கு மருந்து கொடுக்கப் போய் வெள்ள பயம் வந்து சேர்ந்தது. 1843-ல் மேலணையின் நடுப்பகுதியைத் தணித்தார்கள். காவிரித் தலைப்பிலும் படுகை மேலும் அரிக்காமல் குறுக்கே ஒரு தளம் போட்டார்கள். ஆற்றில் அணை கட்டுவது ஒரு நாளில் முடிகிற காரியம் அல்ல. அது ஆற்றோடு தொடங்கும் பேச்சு. ஆறு பதில் சொல்லும், நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்று அந்தப் பதிலை முன்கூட்டிக் கேட்க வழி இருக்கிறது. பூண்டியில் உள்ள நீரியல் ஆராய்ச்சி நிலையத்தில் அணைகளுக்குச் சிறு மாதிரி கட்டி, நீரை விட்டு, எங்கே அரிக்கிறது, எங்கே மேடிடுகிறது என்று பார்க்கிறார்கள். காட்டனுக்கு அந்த வசதி இல்லை. அவருக்குக் காவிரியே மாதிரி.

1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூர் அணை 214 அடி உயரம், 93.47 டி.எம்.சி. கொள்ளும். மின்சாரம் வந்தது, பட்டுக்கோட்டைப் பக்கத்து மானாவாரிக்குப் புதாறு போயிற்று, குறுவைக்கு நாள் குறிக்க முடிந்தது. இவை சின்ன லாபங்கள் அல்ல. ஆனால் வெள்ளத்தோடு வந்து வயலுக்கு உரமான வண்டலில் பெரும்பங்கு இப்போது நீர்த்தேக்கத்தின் அடியில் படிகிறது. வயல் உரமூட்டையை எதிர்பார்க்கிறது; தேக்கம் வருஷத்துக்கு வருஷம் ஆழம் குறைகிறது.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது உடைந்து போயின. மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் விவசாயிகள். அணைக்கு வயதாகிவிட்டது என்றது அரசாங்கம். வழக்கு எப்படியானாலும், அணை நிற்பது மணலை நம்பித்தான். பிறகு புதிய கதவணை கட்டியாயிற்று. கல்லுக்கும் இரும்புக்கும் கணக்கு எழுதிய கையோடு, அடியில் கிடக்கும் மணலுக்கும் ஒரு கணக்கு எழுதி, அதை ஒவ்வொரு வருஷமும் சரிபார்த்தால் தஞ்சைச் சீமை நிம்மதியாகத் தூங்கலாம்.